தாடியஸ் ஸ்டீவன்ஸ் எப்படிப்பட்ட மனிதர்? 1821 வழக்கைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை

ஏடுபுரட்டி:

எல்லோருக்கும் வணக்கம். ரெண்டு மாதமாக அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு வந்த வருடங்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் தாடியஸ் ஸ்டீவன்ஸ் பெயர் வந்து நிற்கிறது. பென்சில்வேனியாவிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போனவர், லிங்கனின் குடியரசுக் கட்சிக்குள்ளேயே லிங்கனைவிடக் கறாராகப் பேசியவர், அடிமைகளை விடுவித்துவிட்டுச் சும்மா இருந்தால் ஆகாது, ஓட்டும் கொடுக்க வேண்டும், உழுவதற்கு நிலமும் கொடுக்க வேண்டும் என்று நின்றவர். பழைய புத்தகம் ஒன்றில் இவரை, போரில் தோற்ற தென் மாநிலங்களை நாசமாக்கத் துடித்த பழிவாங்கும் கிழவர் என்று எழுதியிருக்கிறார்கள். புதிதாக வந்தவற்றைப் படித்தால் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

சரி, வரலாற்று ஆசிரியர்கள் சண்டை போடுவது புதிதில்லை. எனக்கு நெருடலாக இருப்பது 1821-ல் அவர் வாதாடிய ஒரு வழக்கு. மேரிலாந்தைச் சேர்ந்த சாரிட்டி பட்லர் என்ற அடிமைப் பெண், தனக்கும் தன் குழந்தைகளுக்கும் விடுதலை கேட்டு பென்சில்வேனியா நீதிமன்றத்துக்கு வருகிறார். எதிர்த்தரப்பில், அதாவது அந்தப் பெண்ணைச் சொத்தாக வைத்திருந்தவருக்காக வாதாடிய வக்கீல் யார் தெரியுமா, இதே ஸ்டீவன்ஸ்தான். ஜெயித்தும் விட்டார். தாயும் பிள்ளைகளும் அடிமைகளாகவே திரும்பிப் போனார்கள்.

இதைப் படித்த அன்றைக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அப்போது அவருக்கு 29 வயது, விவரம் தெரியாத பிள்ளை இல்லை. பிற்பாடு அவ்வளவு பேசியவர் அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தார்? பின்னால் செய்ததெல்லாம் மனசறிந்து செய்ததா, கட்சி லாபத்துக்குச் செய்ததா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வழக்காடி:

நண்பரே, நானும் நீதிமன்றத்தில் நிற்கிறவன்தான், அந்த வழக்கை ஆர்வத்தோடு படித்திருக்கிறேன், அதனால் முதலில் சட்டம் என்ன சொன்னது என்று சொல்லிவிடுகிறேன். பென்சில்வேனியாவில் 1780-லேயே அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் வந்துவிட்டது. வெளி மாநிலத்திலிருந்து யாராவது தன் அடிமையைக் கூட்டிக்கொண்டு வந்து ஆறு மாதம் அங்கே வைத்திருந்தால் அந்த ஆள் விடுதலை, இதுதான் விதி. சாரிட்டி பட்லர் எல்லையைத் தாண்டிப் பல தடவை கூட்டி வரப்பட்டவர். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நாள், எல்லாவற்றையும் கூட்டினால் ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது என்பது அவர் தரப்பு. ஒரே மூச்சில் ஆறு மாதம் இருந்தால்தான் கணக்கு, துண்டு துண்டாக இருந்த நாட்களைச் சேர்த்துக் கூட்டக் கூடாது என்பது ஸ்டீவன்ஸ் வாதம். பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. கெட்டிக்காரத்தனமான வாதம்தான், மறுக்கவில்லை. ஒரு தாயின் வாழ்க்கையை நாட்கணக்குப் போட்டு முடித்துவிட்ட வாதம்.

ஏன் எடுத்தார் என்றால், அப்போது கெட்டிஸ்பர்க்கில் தொழில் ஆரம்பித்து ஐந்து வருடம் ஆகியிருந்தது, மேரிலாந்து எல்லை பக்கத்திலேயே இருக்கும் ஊர், வழக்கு கொண்டு வருகிறவர் யாராக இருந்தாலும் எடுக்கிற வளரும் வக்கீல். இது விளக்கம்தானே தவிர நியாயம் ஆகாது. நானும் அதை நியாயப்படுத்த மாட்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். 1823-ல் சுதந்திர தின விருந்து ஒன்றில், அடுத்த ஜனாதிபதியாக வருகிறவர் எந்த மனிதனுக்கும் விலங்கு பூட்டாதவராக இருக்கட்டும் என்று எல்லோர் முன்னாலும் கிண்ணத்தை உயர்த்துகிறார். வழக்கு முடிந்து ரெண்டே வருடம். 1837-ல் பென்சில்வேனியாவின் அரசியலமைப்பைத் திருத்த ஒரு மாநாடு கூடுகிறது, அதில் இவரும் உறுப்பினர். ஓட்டுரிமையை வெள்ளை ஆண்களுக்கு மட்டும் என்று சுருக்குகிறார்கள். கடைசியில் எல்லோரும் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் இவர் போட மறுத்துவிட்டார். அதனால் அவருக்கு அரசியலில் ஒரு லாபமும் கிடையாது, அன்றைக்கு அந்த மாநிலத்தில் கறுப்பர்களுக்காகப் பேசி யாரும் ஓட்டு வாங்க முடியாது. கட்சி லாபத்துக்காகவா என்று கேட்டீர்களே, இந்த ஒரு இடத்தை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் 1842-ல் லங்காஸ்டருக்குக் குடிபெயர்ந்த பிறகு, தப்பி ஓடி வந்த அடிமைகளுக்காகக் காசு வாங்காமல் நீதிமன்றத்தில் நின்றிருக்கிறார். 1851-ல் கிறிஸ்டியானா என்ற ஊரில், தப்பியவர்களைப் பிடிக்க வந்த மேரிலாந்து பண்ணையார் ஒருவர் மோதலில் செத்துப்போனார். அரசாங்கம் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மீது தேசத் துரோக வழக்குப் போட்டது. முதலில் விசாரணைக்கு நிறுத்தப்பட்டவர் காஸ்ட்னர் ஹான்வே என்ற வெள்ளைக்கார மாவு மில்காரர், பிடிக்க வந்தவர்களுக்கு உதவ மாட்டேன் என்று சொன்னவர். அவருக்காக வாதாடிய வக்கீல்களில் ஸ்டீவன்ஸ் ஒருவர். ஜூரி பதினைந்து நிமிடத்தில் குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. சட்டத்தின் எந்த ஓட்டை வழியாக ஒரு மனிதனை அடிமையாகத் திருப்பி அனுப்பலாம் என்பது அவருக்கு 1821-லிருந்தே தெரியும். பிற்பாடு அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைக்கப் பார்த்தார் என்பது என் எண்ணம்.

மீனாட்சிசுந்தரி:

வழக்காடி சொன்னதெல்லாம் சரி. ஆனால் அவருடைய பிள்ளைப் பருவத்திலிருந்து ஆரம்பிக்காமல் இந்த மனிதரைப் புரிந்துகொள்ள முடியாது என்று எனக்குத் தோன்றும். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறவள், அதனால் என் கண் அங்கேதான் போகும்.

1792-ல் வெர்மாண்ட் மாநிலத்தில் டான்வில் என்ற ஊரில் பிறந்தார். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்திருந்தது. அண்ணனுக்கு ரெண்டு பாதமும் அப்படித்தான். அப்பா குடும்பத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார், நாலு ஆண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அம்மா சாரா தனியாக நின்றார். இந்தப் பையனால் பண்ணை வேலை செய்ய முடியாது என்று தெரிந்து, எப்படியாவது படிக்க வைத்துவிட வேண்டும் என்று பள்ளிக்கூடம் இருந்த பீச்சம் ஊருக்கே குடி போனார். 1814-ல் டார்ட்மவுத் கல்லூரியில் பட்டம் வாங்குகிற வரைக்கும் அந்த அம்மாவின் உழைப்புதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 1835-ஐப் படியுங்கள். அதற்கு முந்தைய வருடம்தான் பென்சில்வேனியாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளிக்கூடம் என்று சட்டம் போட்டிருந்தார்கள். வரி கட்ட வேண்டுமே என்று ஜனங்கள் கொதித்துப்போய் மனு மேல் மனு போட்டார்கள். மேலவை சட்டத்தை ரத்து செய்ய ஓட்டுப் போட்டாகிவிட்டது, கீழவையும் அதே வழியில் போகத் தயாராக இருந்தது. அதற்கு முன்பு இருந்த 1809 ஏற்பாடு என்ன தெரியுமா? பெற்றோர் தாங்கள் ஏழை என்று அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தால் பிள்ளையின் படிப்புச் செலவை அரசாங்கம் கட்டும். எத்தனை அப்பா அம்மா கூச்சப்பட்டுக்கொண்டு பிள்ளையை வீட்டிலேயே வைத்திருப்பார்கள்! ஏப்ரல் 11 அன்று ஸ்டீவன்ஸ் எழுந்து பேசினார். பழைய முறைக்குத் திரும்புவதானால் அந்தச் சட்டத்துக்கு, பணக்காரர்களிடமிருந்து பிரித்துத் தெரிவதற்காக ஏழைகளுக்குச் சூடு போட்டு அடையாளம் வைக்கும் சட்டம் என்று பெயர் வையுங்கள் என்றார். பேசி முடித்ததும் சபையின் மனசு மாறிவிட்டது, இலவசப் பள்ளிக்கூடம் பிழைத்தது. அந்தச் சட்டத்துக்கு ஆதரவாக இருந்த ஆளுநர் உல்ஃப் அவருக்கு எதிர்க்கட்சிக்காரர். அதையும் பார்க்காமல்தான் பேசினார்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது. தன் உயிலில் அம்மாவின் கல்லறையைப் பராமரிக்கப் பணம் எழுதி வைத்தவர், வருடா வருடம் வசந்த காலத்தில் கல்லறையின் நாலு மூலையிலும் ரோஜாச் செடியும் மனசுக்கு இதமான வேறு பூச்செடிகளும் நட வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார். நாலு மூலையிலும் என்று கணக்காக எழுதியிருக்கிறார் பாருங்கள். பழிவாங்கும் கிழவர் என்று எழுதியவர்கள் இதையும் படித்திருக்கலாம்.

தெற்குவாசல்:

எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்கிறீர்கள், அதனால் நான் இன்னொரு பக்கத்தைச் சொல்கிறேன். இவர் சுத்தமான கட்சி அரசியல்வாதியும்கூட. முதலில் மேசன் என்ற ரகசியச் சங்கத்தை எதிர்க்கும் கட்சி, அப்புறம் விக் கட்சி, அப்புறம் குடியரசுக் கட்சி. 1838 தேர்தலில் முடிவு தகராறாகி ஹாரிஸ்பர்க்கில் ஒரே நேரத்தில் ரெண்டு சட்டசபை உட்கார்ந்த கதை தெரியுமா? பட்டாளத்தைக் கூப்பிடும் அளவுக்குப் போனது. அந்தக் குழப்பத்தில் ஒரு பக்கத்துக்குத் தலைமையே இவர்தான், கூட்டம் உள்ளே புகுந்ததும் ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பினார். அரசாங்கப் பணத்தில் கெட்டிஸ்பர்க் பக்கம் ஒரு ரயில் பாதை போட வைத்தார், அது மலையைச் சுற்றி வளைந்து வளைந்து இவருடைய இரும்பு உலை இருந்த பக்கம் போனது. நாடாப்புழு ரயில் என்று எதிரிகள் பெயர் வைத்தார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு மகான் ஆக்க வேண்டாம்.

போருக்குப் பிறகு தெற்கு மாநிலங்களை, ஜெயித்துப் பிடித்த நிலப்பகுதியாகத்தான் நடத்த வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். தோற்றுப்போனவர்களிடம் அவ்வளவு கடுமை தேவையா என்று கேட்பதில் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

வழக்காடி:

தெற்குவாசல் அண்ணே, ரயில் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன், ஜன்னல் கதையும் உண்மை. கடுமை பற்றி மட்டும் கொஞ்சம் பேசணும்.

அவர் கேட்டது என்ன? 1865 செப்டம்பரில் லங்காஸ்டரில் பேசிய பேச்சில் கணக்கே போட்டுக் காட்டுகிறார். தெற்கில் பெரிய நிலக்காரர்கள் சுமார் 70,000 பேர். அவர்கள் கையிலும் மாநில அரசுகள் கையிலும் இருப்பது ஏறக்குறைய 39 கோடி ஏக்கர். அதை எடுத்து, விடுதலையான வயது வந்த ஆண்கள் ஒவ்வொருவருக்கும் 40 ஏக்கர் கொடுங்கள், சுமார் பத்து லட்சம் பேருக்கு 4 கோடி ஏக்கர் போதும், மிச்சத்தை விற்றுப் போர்க் கடனை அடையுங்கள். இருநூறு ஏக்கருக்குள் வைத்திருக்கும் சின்ன விவசாயி மேல் கை வைக்க வேண்டாம் என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். யாரையும் தூக்கில் போடச் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கூலி இல்லாமல் உழைத்தவனுக்குக் காலடியில் நிலம் இல்லாவிட்டால், நேற்றைய எஜமானனிடமே போய்க் கை கட்டி நிற்பான் என்பதுதான் அவர் பயம். 1867 மார்ச்சில் மசோதாவாகவும் கொண்டு வந்தார். அவர் கட்சிக்காரர்களே கை கொடுக்கவில்லை, தனிச் சொத்தில் கை வைப்பது என்றால் வடக்கிலும் பயம். பிறகு நடந்தது என்ன? விடுதலையானவர்களில் பெரும்பாலோர் அதே நிலத்தில் விளைச்சலில் பங்கு கொடுத்து உழும் வார விவசாயிகளாகக் கடனில் மூழ்கினார்கள். அவர் பயந்தது அப்படியே நடந்தது, அதனால் இதைப் பழிவாங்கல் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

தன் சொந்த நஷ்டத்தை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று பாருங்கள். 1863 ஜூன் 26, கெட்டிஸ்பர்க் சண்டைக்கு ஐந்து நாள் முன்னால், தென்படைத் தளபதி ஜூபல் ஏர்லியின் ஆட்கள் அவருடைய கலிடோனியா இரும்பாலையைக் கொளுத்திவிட்டார்கள். லாபமே இல்லாமல், ஆட்களுக்கு வேலை போய்விடுமே என்று இழுத்துக்கொண்டு வந்த ஆலை அது. நாடு மறுபடி ஒன்றாகி அடிமை முறையின் சுவடே இல்லாமல் போகுமானால் இதை மலிவான விலை என்றே எண்ணுவேன் என்று கடிதம் எழுதினார்.

விட்டுக்கொடுக்கத் தெரியாதவர் என்பதும் சரியில்லை. அமெரிக்க அரசியலமைப்பின் 14-வது திருத்தம் 1866-ல் வந்தபோது அதில் கறுப்பர்களுக்கு நேரடியாக ஓட்டு இல்லை. அவருக்கு அது பெரிய ஏமாற்றம். ஜூன் 13 அன்று சபையில் அதைச் சொல்லிவிட்டு, இவ்வளவு குறையுள்ளதை ஏன் ஏற்கிறேன் என்றால் நான் தேவதைகள் நடுவில் வாழவில்லை, மனிதர்கள் நடுவில் வாழ்கிறேன் என்றார். ஏற்றுக்கொண்டு நிறைவேற்றினார். சட்டத்தின் முன் எல்லோருக்கும் சமமான பாதுகாப்பு என்ற அந்த வாசகத்தை வைத்துத்தான் இன்று வரை அங்கே வழக்குகள் நடக்கின்றன.

வெண்ணிலவு_லங்காஸ்டர்:

நான் பிழைப்புக்காக லங்காஸ்டரில் குடியிருக்கிறேன், ஒன்பது வருடம் ஆகிறது. அவர் கல்லறை இங்கேதான். செஸ்ட்நட் தெருவும் மல்பெரி தெருவும் சேருகிற மூலையில், வீடுகளுக்கு நடுவில் ஒரு சின்ன மயானம். தெரியாதவர்கள் பூங்கா என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். என் பையன் பள்ளிக்கூடத்தில் ஏதோ எழுதி வரச் சொன்னார்கள் என்று போன வருடம் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். கல்லில் வெட்டிய எழுத்தை அவன் விரலால் தடவித் தடவிப் படித்தான். நான் அவனுக்குத் தமிழில் சொன்னது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"தனிமையில் எனக்குத் தனி ஆசை ஏதும் இருந்து இந்த ஒதுக்கமான அமைதியான இடத்தில் நான் உறங்கவில்லை. மற்ற மயானங்கள் இனம் பார்த்து ஆளைச் சேர்க்கும் விதி வைத்திருப்பதைக் கண்டேன். நெடிய வாழ்நாள் முழுக்க நான் எடுத்துச் சொன்ன கொள்கையை என் மரணத்திலும் காட்டுவதற்காக இதைத் தேர்ந்தெடுத்தேன்: படைத்தவன் முன்னால் மனிதர் எல்லோரும் சமம்."

முதலில் வேறு இடத்தில் கல்லறைக்கு நிலம் வாங்கியிருந்தார். அங்கே கறுப்பர்களைப் புதைக்க விட மாட்டார்கள் என்று தெரிந்ததும் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கல்லில் வெட்டியிருப்பதும் அவரே எழுதியது.

லிடியா ஹாமில்டன் ஸ்மித் பற்றி யாரும் சொல்லவில்லையே. கெட்டிஸ்பர்க் பக்கத்தில் பிறந்த கலப்பினப் பெண், ரெண்டு பிள்ளைகளோடு 1840-களின் கடைசியில் லங்காஸ்டருக்கு வந்து அவர் வீட்டை நிர்வகித்தார், இருபது வருடம், அவர் சாகிற வரைக்கும். கறுப்பினப் பெண்களைப் பெயர் சொல்லி அதட்டிக் கூப்பிடுகிற காலத்தில் இவர் அவரை "மிஸஸ் ஸ்மித்" என்றே மரியாதையாக அழைத்தார், வீட்டுக்கு வருகிறவர்களும் அப்படித்தான் அழைக்க வேண்டும். ரெண்டு பேரையும் சேர்த்து எதிரிப் பத்திரிகைகள் அசிங்கமாக எழுதின. அவர் பதில் சொல்லவும் இல்லை, அந்த அம்மாவை வீட்டை விட்டு அனுப்பவும் இல்லை. கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்ததும் லிடியா ஒரு வண்டியை வாடகைக்குப் பிடித்து, வீடு வீடாகப் போய்ச் சாப்பாடும் துணியும் சேர்த்துக் காயம்பட்ட ரெண்டு பக்கத்துச் சிப்பாய்களுக்கும் கொடுத்திருக்கிறார். பிற்பாடு ஸ்டீவன்ஸின் வீட்டை அவரே விலைக்கு வாங்கினார். குவீன் தெருவில் இருக்கும் அந்த வீட்டுக்குப் பின்னால் தோண்டியபோது ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி கிடைத்தது. சுவரை உடைத்து வழி வைத்திருந்த விதத்தைப் பார்த்து, தப்பி வந்தவர்களை ஒளித்து வைத்த இடமாக இருக்கலாம் என்று அகழாய்வு செய்தவர்கள் கருதுகிறார்கள்.

தெற்குவாசல்:

கல்லறை விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. அதைப் படித்த பிறகு கடுமை என்ற வார்த்தையை நான் கொஞ்சம் யோசித்துத்தான் பயன்படுத்தணும். ரயில் பாதை பற்றிச் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. லிங்கனுக்குப் பிறகு வந்த ஜனாதிபதி ஜான்சனைப் பதவி நீக்கப் பார்த்தாரே, அதில் அவர் பங்கு எவ்வளவு? அப்போது ரொம்ப முடியாமல் இருந்தார் என்று படித்த ஞாபகம்.

மீனாட்சிசுந்தரி:

ஆமாம், நடக்கவே முடியாத நிலை. நாற்காலியோடு ரெண்டு இளைஞர்கள் தூக்கிக்கொண்டு வந்து சபையில் இறக்குவார்கள். 1868 பிப்ரவரி 24 அன்று கீழவை 126-க்கு 47 என்று குற்றச்சாட்டை நிறைவேற்றியதில் முன்னால் நின்றவர்களில் அவர் ஒருவர். அதை விசாரித்த மேலவையில் அவருடைய பேச்சைப் பாதிக்கு மேல் அவரால் வாசிக்க முடியாமல், இன்னொரு காங்கிரஸ் உறுப்பினரான பெஞ்சமின் பட்லர் வாங்கி வாசித்து முடித்தார். மே மாதம் ஓட்டெடுப்பு, 35-க்கு 19. பதவி நீக்க மூன்றில் ரெண்டு பங்கு ஓட்டு வேண்டும், ஒரே ஒரு ஓட்டுக் குறைவில் ஜான்சன் தப்பித்தார். ஆகஸ்ட் 11 நள்ளிரவு வாக்கில் ஸ்டீவன்ஸ் இறந்தார், லிடியா பக்கத்தில் இருந்தார். நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில் உடலை வைத்தார்கள். செனட்டர் ஹென்றி கிளேவுக்கும் லிங்கனுக்கும் அடுத்து அந்த மரியாதை கிடைத்தது இவருக்குத்தான். காவலுக்கு நின்றவர்கள் கறுப்பினச் சிப்பாய்கள்.

ஏடுபுரட்டி:

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு ரொம்ப நன்றி. மூடி வைத்த புத்தகத்தை நேற்று ராத்திரி மறுபடி எடுத்தேன். சாரிட்டி பட்லர் விஷயத்தில் என் வருத்தம் அப்படியேதான் இருக்கிறது, அந்தத் தாய்க்கு 14-வது திருத்தம் உதவவில்லை, பின்னால் செய்த எதைக் கொண்டும் அதை ஈடுகட்ட முடியாது. ஆனால் கட்சி லாபத்துக்காகவா என்று கேட்டேனே, அந்தக் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

மீனாட்சிசுந்தரி அக்கா உயிலைப் பற்றிச் சொன்னதால் அதைத் தேடிப் படித்தேன். அனாதைப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி கட்டச் சொத்தை எழுதி வைத்திருக்கிறார். இனம், நிறம், பெற்றோரின் மதம் எதையும் பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி படிப்பு, எல்லோருக்கும் ஒரே மேஜையில் சாப்பாடு என்று இருக்கிறது. அதிலிருந்து வந்ததுதான் லங்காஸ்டரில் அவர் பெயரில் இருக்கும் தொழில்நுட்பக் கல்லூரி என்று தெரிகிறது. வெண்ணிலவு, அந்தப் பக்கம் போனால் இன்றைக்கு அங்கே யார் படிக்கிறார்கள், எப்படி நடக்கிறது என்று விசாரித்து எழுத முடியுமா?

வெண்ணிலவு_லங்காஸ்டர்:

தாராளமாக. வீட்டிலிருந்து பத்து நிமிடம்தான். சனிக்கிழமை பையனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.